கோமளாவுக்கு லீவு

ஆண்களுக்கு இதில் வேலை இல்லை என்று எங்கள் படக்கதையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தோம். சின்ன எழுத்தில் அல்ல. பக்கம் முழுக்க, சிவப்பில், ஒரு துடைப்பத்தின் படமும் போட்டு எழுதியிருந்தோம். "இது பெண்கள் படிக்க. மீறிப் படிக்கும் ஆண்களுக்குத் துடைப்பம்." இதற்கு மேல் எப்படித் தெளிவாகச் சொல்வது? ஆனால் கழிப்பறைக் கதவில் பெண்கள் என்று எழுதிவைத்தாலும் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே நாற்றமடிக்கிறது என்று புகார் கொடுக்கிற ஆட்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

என் பெயர் நதியா. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் பிரிண்ட் டிசைனர். டீ-ஷர்ட்டின் நெஞ்சில் நீங்கள் பார்க்கும் பூ, படகு, பறவை எல்லாம் என்னைப் போல ஒருத்தி வரைந்ததுதான். பதினான்கு வருடமாக வரைகிறேன். ஒன்றில்கூட என் பெயர் கிடையாது; சரக்கு வாங்குகிற பையர் பெயர்தான் இருக்கும். அதே கம்பெனியில் நித்யஸ்ரீ மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதி, சாம்பிள் அனுப்பி, திட்டு வாங்குகிற வேலை. எம்.டி. தரணீதரனின் அக்கா மகள். பொங்கலூரில் தென்னந்தோப்பு உள்ள குடும்பம். வேலைக்கு வந்தாக வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வந்தவள்.

ஆரம்பித்தது ஒரு பென் டிரைவில். கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்தவன் மறந்துவிட்டுப் போனது. யாருடையது என்று பார்க்கத்தான் திறந்தோம். உள்ளே நாற்பத்து மூன்று படக்கதைகள், அத்தனையும் மஞ்சள். இருவரும் மத்தியானச் சாப்பாட்டை மறந்து ஒன்று விடாமல் பார்த்தோம். முதலில் சிரிப்பு வந்தது. இருபதைத் தாண்டும்போது எரிச்சல் வந்துவிட்டது. அதிலுள்ள பெண்களுக்கு இடுப்பு இருந்தது, இடுப்புவலி இல்லை. ஷிப்ட் முடிந்து வருகிறவள் கதவைத் திறந்த கையோடு சிரிக்கிறாள். ஒருத்திக்காவது தூக்கம் வரவில்லை, பசிக்கவில்லை, இன்றைக்கு வேண்டாம் என்று தோன்றவில்லை.

“ஏனுங்க அக்கா, இதை வரைஞ்சவன் சென்மத்துல ஒரு பொம்பளைகிட்ட உனக்கு என்ன புடிக்கும்னு கேட்டிருப்பானாக்கும்?” என்றாள் நித்யஸ்ரீ.

“கேட்டிருந்தா அவன் எதுக்கு உக்காந்து இதை வரையுறான்?”

“அப்ப நாமளே போடலாமுங்க.”

அப்படித்தான் வந்தது ‘கோமளாவுக்கு லீவு’. ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குக் கோவிலில் பூசை, மத்தியானம் கோமளா. நித்யஸ்ரீ வீட்டில் சாம்பிள் வேலை என்று சொல்லிவிட்டு என் வாடகை வீட்டுக்கு வருவாள். நான் உருவங்களைப் பென்சிலில் போடுவேன். அவள் மை தீட்டி, வண்ணம் கொடுத்து, பேச்சு எழுதுவாள். கதையை இருவரும் சண்டை போட்டுத்தான் முடிவு செய்வோம்.

கோமளா நாற்பது வயது ஓவர்லாக் டெய்லர். வாரத்தில் ஆறு நாள் அவள் கம்பெனிக்கு, ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு. முதல் பாகத்தில் பதினாறு கட்டத்துக்கு அவள் தனியாகப் படுத்துக் கிடக்கிறாள், அவ்வளவுதான். பதினேழாவது கட்டத்தில்தான் ஓர் ஆள் ஞாபகத்துக்கு வருகிறான். இரண்டாம் பாகத்தில் அந்த ஆள் வருகிறான். கையைக் கழுவு, நகத்தை வெட்டு என்று வாசலிலேயே உட்கார வைத்துவிடுகிறாள். நாலு கட்டத்துக்கு அவன் நகம் வெட்டுகிறான். மூன்றாம் பாகத்திலிருந்து உடம்பு தெரியும். இரண்டு பேருடையதும் தெரியும். அவள் சொல்வாள், அவன் கேட்பான். போதும் என்றால் போதும். இது சாமி கதை இல்லை, ஆசைக் கதை. வரையும்போதே எங்களுக்குக் காது சூடாகும். வெட்கப்பட்டீர்களா என்றால், பட்டோம். நிறுத்தவில்லை.

யாருக்கு அனுப்புவது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. செக்கிங்கில் இருக்கும் பாண்டியம்மாள் அக்காவுக்கு அனுப்பினால் போதும், ஊருக்கே அனுப்பின மாதிரி. சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாகப் பீஸ் பார்க்கிறார். கைராசிக்காரர், வாய்ராசிக்காரரும்கூட. நான் இன்னொரு சிம் கார்டு வாங்கி, ‘கோமளா’ என்று பெயர் வைத்து முதல் பாகத்தை அவருக்கு அனுப்பினேன். யாரென்று சொல்லவில்லை. மூன்றே நாளில் அவர் ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்து, கோமளா நம்பரையும் அதில் சேர்த்துவிட்டார். நான்காம் பாகம் வரும்போது இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். டெய்லர், அயர்னிங், பேக்கிங், எங்கள் கம்பெனி, பக்கத்துக் கம்பெனி. உள்ளே வருகிற ஒவ்வொருத்தியிடமும் அக்கா ஒரே சத்தியம்தான் வாங்குவாராம். எந்த ஆம்பளை கண்ணிலும் இது படக்கூடாது.

செக்கிங் பெண்கள் துணியில் ஓட்டையோ தையல் விட்டதோ கண்டால், அந்த இடத்தில் ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். வாயால் சொல்வதில்லை, அம்பைப் பார்த்துத் திருத்துகிறவன் திருத்திக்கொள்வான். கோமளாவையும் அப்படித்தான் பார்த்தார்கள். படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சிவப்பு அம்பு போட்டு அனுப்புவார்கள். ஜன்னல்மேல் ஒரு அம்பு: எதிர்வீட்டுக்காரி பார்ப்பாள், திரை போடு. அடுப்பின்மேல் ஒரு அம்பு: குக்கர் விசில் யார் எண்ணுவது? அவன் கைமேல் ஒரு அம்பு: இவ்வளவு நீளம் வராது. டிசைன் படித்த கல்லூரியில்கூட என் படத்தை இத்தனை கருத்தாக யாரும் பார்த்ததில்லை. எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

ஆறாம் பாகத்தில் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த கோடைக்காக டென்மார்க் பையருக்கு நான் ஒரு கூழைக்கடா வரைந்திருந்தேன். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அலகுக்குள் ஒரு குடையை வைத்திருக்கும் கூழைக்கடா. பதினான்கு வருடத்தில் எனக்கு அப்படி ஒன்று வந்ததில்லை. எண்பதாயிரம் பீஸ் ஆர்டர். கடைக்கு வரும்வரை அந்தப் படம் வெளியே போகக்கூடாது என்று கம்பெனி கையெழுத்துப் போட்டிருந்தது. உலகத்தில் அந்தப் பனியன் மொத்தம் ஒன்பதுதான், ஒன்பதும் எங்கள் சாம்பிள் ரூமில். கோமளாவின் ஆளுக்கு ஆறாம் பாகத்தில் ஒரு பனியன் மாட்ட வேண்டியிருந்தது, கழற்றுவதற்குத்தான். வெறும் வெள்ளைப் பனியன் மாட்டியிருக்கலாம். என் கை கூழைக்கடாவைப் போட்டது. ஓர் இடத்திலாவது அது என்னுடையதாக இருக்கட்டும் என்ற கொழுப்பு. நித்யஸ்ரீ வண்ணம் கொடுக்கும்போது சிரித்தாள். அவளுக்கும் உறைக்கவில்லை. ஒரு மாதமாக அதையே பார்த்துப் பார்த்து, அது ரகசியம் என்பதே இரண்டு பேருக்கும் மறந்துபோயிருந்தது.

அனுப்பிய அரைமணியில் பாண்டியம்மாள் அக்காவிடமிருந்து ஸ்கிரீன்ஷாட் வந்தது. ஒரே ஒரு சிவப்பு அம்பு, கூழைக்கடாவின் அலகின்மேல். ஒரு வார்த்தை இல்லை. நான் உற்றுப் பார்த்தேன். அலகுக்குக் கொடுத்த மஞ்சள் கொஞ்சம் தூக்கல்தான். ‘உண்மைதான் அக்கா, கலர் சரியில்லை, அடுத்த முறை திருத்துகிறேன்’ என்று கோமளா பெயரில் பதில் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை டீ நேரத்தில் செக்கிங் டேபிளைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் நின்று சிரித்திருக்கிறார்கள். சூப்பர்வைசர் ராஜபாண்டிக்குப் பெண்கள் சிரித்தால் பொறுக்காது, தன்னைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொள்வான். பின்னாலிருந்து வந்து பாண்டியம்மாள் அக்காவின் போனைப் பிடுங்கிவிட்டான். பிடுங்கினவன் நேராக எம்.டி. அறைக்கு ஓடினான். தரணீதரன் ஆறு பாகத்தையும் விசாரணைக்காகப் பொறுமையாகப் படித்தார். ராஜபாண்டி தோளுக்குப் பின்னால் நின்று விசாரணைக்கு உதவினான். இவன்கள் போனில் இருப்பதை எல்லாம் வெளியே எடுத்தால் நொய்யல் ஆறு தாங்காது. ஆனாலும் அவனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை என்று பிறகு தெரிந்தது. உடம்பைக் காட்டியதற்காக இல்லை. “ஒரு ஆம்பளைய வாசல்ல உக்கார வச்சு நகம் வெட்டச் சொல்றா சார்” என்று மூன்று தடவை சொன்னானாம்.

ஆறாம் பாகத்தில் தரணீதரன் கூழைக்கடாவைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவருக்குக் கோமளா முக்கியமில்லை.

பத்து மணிக்குப் பாண்டியம்மாள் அக்காவை எச்.ஆர். அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். கண்ணாடி அறை. என் மேஜையிலிருந்து பார்த்தால் அவர் முதுகு தெரியும். சாம்பிள் பீஸையும் அவர்தான் செக் செய்வார், போனும் அவருடையது, குரூப்பும் அவருடையது. அவர்தான் சாம்பிளைப் போட்டோ எடுத்து, ஆபாசப் படம் போடும் ஏதோ கும்பலுக்கு விற்றுவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டு மணிக்குள் ஆளைச் சொல்லாவிட்டால் அவர் புருஷன் குருசாமியை வரவழைத்து, ஆறு பாகத்தையும் அவர் கையில் கொடுத்துப் படிக்க வைப்பதாக ராஜபாண்டி எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். குருசாமி சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர். கேட்டில் நின்று மனைவியை ஏற்றிக்கொண்டு போகும்போது பார்த்திருக்கிறேன், வாயைத் திறந்து நான் கண்டதில்லை. அப்படிப்பட்ட ஆட்கள்தான் வெடித்தால் மோசம் என்று எனக்கு நானே நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சிவப்பு அம்பு அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது சாம்பிளையும் தன் கையால் புரட்டிப் பார்த்தவர், வரைந்தது டிசைன் ரூமில் இருக்கும் நான்தான் என்று ஞாயிற்றுக்கிழமையே கண்டுபிடித்திருக்கிறார். எடுத்துவிடு என்று அவருக்குத் தெரிந்த மொழியில் எச்சரித்திருக்கிறார். நான் கலர் சரியில்லை என்று பதில் போட்டிருக்கிறேன். இப்போது என் பெயரைச் சொன்னால் அவர் எழுந்து போய்விடலாம். சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

நித்யஸ்ரீயைச் சாம்பிள் ரூமுக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

“போய்ச் சொல்லீரலாம்” என்றேன்.

“உங்களுக்கென்ன பைத்தியமாங்க? மாமனுக்குத் தெரிஞ்சா அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரிஞ்சா எங்க ஊட்டுல நான் இருக்க முடியுமாங்க?”

“அந்தக்கா காலையிலருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலை.”

“ஒரு வாரம் போனா எல்லாம் மறந்துருவாங்க. எந்த கேட்டப் பார்த்தாலும் ஆட்கள் தேவைன்னு போர்டு தொங்குதுங்க. நாளைக்கே அவங்களுக்கு வேற எடத்துல வேலை கெடைக்கும். எனக்கு வேற ஊடு கெடைக்குமாங்க?”

கோமளாவின் வாயில் வரும் தைரியமெல்லாம் இவள் எழுதியது. ‘எனக்கு வேணும், அதனால கேக்கறேன்’ என்று நான்காம் பாகத்தில் இவள் எழுதியதை ஐம்பது பெண்கள் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அதே இவள் என்னிடம், “எம் பேரை மட்டும் சொல்லீராதீங்க அக்கா” என்றாள். எனக்கு அவளை அறையலாம் போல் இருந்தது. ஆனால் நானும் உடனே எழுந்து போய்விடவில்லை. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. என் மேஜையில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோழைத்தனத்துக்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

ஒன்றரைக்கு எழுந்து எம்.டி. அறைக்குப் போனேன். தரணீதரன், ராஜபாண்டி, எச்.ஆர். மேனேஜர் மருதாசலம் மூன்று பேரும் இருந்தார்கள். பையருக்கு மெயில் எழுதுவதற்காக நித்யஸ்ரீயும் லேப்டாப்போடு ஓர் ஓரத்தில் இருந்தாள்.

“சார், அந்தக்காவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க. கோமளாவை வரையறது நான்தான்.”

தரணீதரன் சிரித்தார். “ஏனுங்க நதியா, உக்காருங்க. நீங்க எதுக்குங்க இதுக்குள்ள வர்றீங்க? நீங்க பூவும் பறவையும் போடறவங்க. கோயிலுக்குப் போற பொம்பளை. உங்க ஊர்ப் பக்கத்து ஆளுன்னு பாவம் பார்த்துட்டு வந்துட்டீங்களாக்கும்.”

“இல்லைங்க சார். கூழைக்கடாவை யாரும் போட்டோ எடுக்கலை. நான் வரைஞ்சது, நானே திரும்ப வரைஞ்சேன்.”

“அப்படீங்களா.” அவர் மேஜைமேல் கிடந்த மெஷர்மெண்ட் ஷீட் ஒன்றை எடுத்துத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தை என் முன்னால் வைத்தார். பென்சிலையும் வைத்தார். “வரைங்க பார்க்கலாம்.”

நான் நித்யஸ்ரீயைப் பார்த்தேன். அவள் லேப்டாப்பைப் பார்த்தாள்.

கடிகாரத்தில் ஒன்று முப்பத்தெட்டு. இரண்டு மணிக்குக் குருசாமிக்குப் போன் போகும். கூழைக்கடாவை வரைந்தால் போதாதா என்று கேட்டேன். அது ஆபீஸில் எல்லோரும் பார்த்ததுதானே, கோமளாவைப் போடுங்கள் என்றார். துணி உடுத்திய கோமளாவைப் போட்டேன். முகம் வந்ததுமே ராஜபாண்டிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. “அவளேதான் சார்” என்றான். அதோடு நான் பென்சிலைக் கீழே வைத்திருக்க வேண்டும். “இது யாரும் போடலாங்க. அந்த மாதிரி போடுங்க” என்றார் தரணீதரன். குரலில் கோபம் இல்லை. டீ வேண்டுமா என்று கேட்கிற மரியாதை.

போட்டேன். மூன்று ஆண்கள் மேஜைமேல் குனிந்து நிற்க, அவர்கள் மூச்சு என் கைமேல் பட, கோமளாவை அவள் ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறபடியே போட்டேன். சுருங்கிய பாயில் ஒருக்களித்து, மடித்த கையைத் தலைக்கு வைத்து, பிரசவத்தில் தளர்ந்த வயிறு, வாஞ்சையோடு தன்னைத் தானே பார்த்துக்கொள்கிற முகம். கை நடுங்கியிருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். நடுங்கவில்லை. கோடு அழகாக விழுந்தது. தோளிலிருந்து இடுப்புக்கு ஒரே இழுப்பில் வந்த அந்தக் கோட்டைப் பார்த்து உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மருதாசலம் தொண்டையைச் செருமினார். ராஜபாண்டி ஏதோ மெசேஜ் பார்க்கிறவன் மாதிரி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“நம்பறனுங்க” என்றார் தரணீதரன். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “இப்பக் கேட்டுக்கங்க. பையருக்கு இது எப்படியும் தெரிஞ்சுரும். அதுக்கு முன்னால நாமளே சொல்லி, தப்புப் பண்ணுன ஒருத்தரை வெளிய அனுப்பிட்டோம்னு மெயில் போட்டா அவன் ஒத்துக்குவான். உங்களை அனுப்புனா எண்பதாயிரம் பீஸ் பிரிண்ட் போடறதுக்குக் கலர் பிரிச்சுக் குடுக்கறது யாருங்க? செக்கிங்குக்கு ஆள் வேணும்னா நாளைக்குக் காலைல கேட்டுல பத்துப் பேரு நிப்பாங்க.”

“அவங்க ஒண்ணுமே பண்ணலைங்க சார்.”

“அது எனக்குத் தெரியுதுங்க. அதனாலதான் புருசன் வேண்டாம், போலீஸ் வேண்டாங்கறன். சத்தமில்லாம அனுப்பீரலாம். நீங்க போய் வேலையைப் பாருங்க. நித்யா கண்ணு, மெயிலை அடிச்சுரு. செக்கிங் ஸ்டாப் ஒன், டெர்மினேட்டட்.”

நித்யஸ்ரீ அடித்தாள். விசைகளின் சத்தம் எனக்குக் கேட்டது.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். அப்படியானால் என்னையும் அனுப்புங்கள் என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லாததற்குக் காரணம் நிறைய இருக்கிறது, மதுரையில் நர்ஸிங் படிக்கிற மகள் உட்பட. எதையும் இங்கே வரிசைப்படுத்தப் போவதில்லை. என் வாயிலிருந்து வந்தது, “சரிங்க சார்.”

அப்போதுதான் பாண்டியம்மாள் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். உள்ளே வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. செக்கிங் கண், நேராக மேஜைமேல் கிடந்த தாளுக்குத்தான் போனது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பக்கத்தில் கிடந்த பென்சிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இதை இப்பத்தான் வரைஞ்சீகளா மேடம்?”

“ஆமாக்கா.”

“இங்கனயே உக்காந்தா? இவுக மூணு பேரு முன்னாடியா?”

“உங்களைக் காப்பாத்தத்தான்க்கா. நம்ப மாட்டேன்னாங்க. உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுறதா இருந்தாங்க, அதான்…”

“கூப்பிடட்டுமே.” அவர் குரல் உயரவில்லை. “அந்த மனுசன்கிட்ட நாலாம் பாகம் வந்த அன்னிக்கே நானா வாயத் தொறந்து சொல்லிட்டேன். படத்தைக் காட்டலை. எனக்கு இன்னது வேணும், இன்னது வேண்டாம்னு சொன்னேன். மூணு நாள் மூஞ்சியத் தூக்கிட்டுத் திரிஞ்சாரு. நாலாம் நாள் கடையில போயி நகவெட்டி வாங்கிட்டு வந்தாரு. அவரு வந்தா எனக்கென்ன பயம்?”

ராஜபாண்டி சிரிக்கப் பார்த்தான். அக்கா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

“காலையிலருந்து எதுக்கு வாயத் தொறக்காம இருந்தேன்னு நெனைக்கீக? உங்க வேலை போயிரும்னா? உங்க வேலை எக்கேடோ கெட்டுப் போகுது. அது எங்களுக்குள்ள கெடக்கணும்னுதான் உக்காந்திருந்தேன். இருநூறு பேத்துக்கிட்ட சத்தியம் வாங்குனவ நான். இவன்க எத்தனை அதட்டியும் எங்கிட்டருந்து ஒண்ணும் வாங்க முடியலை. நீங்களா வந்து, உக்காந்து, வரைஞ்சே காட்டிருக்கீக.”

“பாண்டியம்மா, மரியாதையா பேசணும்” என்றார் மருதாசலம்.

அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. தாளை எடுத்தார். “அதை வைங்க, அது கம்பெனி பேப்பருங்க” என்றார் தரணீதரன். அக்கா அதை நாலாகக் கிழித்து, எட்டாகக் கிழித்து, மெஷர்மெண்ட் எண்ணெல்லாம் துண்டு துண்டாகப் போகக் கிழித்து, தன் மதியச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். கழுத்திலிருந்த ஐடி கார்டைக் கழற்றி மேஜைமேல் வைத்து, அங்கே கிடந்த தன் போனை எடுத்துக்கொண்டார். யாரும் போகச் சொல்வதற்கு முன்பே போய்விட்டார். நான் படிக்கட்டு வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். “அக்கா” என்று மூன்று தடவை கூப்பிட்டேன். அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. மேஜைக்குத் திரும்பி வந்து, கூழைக்கடாவை ஐந்து கலராகப் பிரித்து, சாயங்காலத்துக்குள் அனுப்பிவைத்தேன்.

அன்று இரவே கோமளாவின் நம்பரைப் பாண்டியம்மாள் அக்கா குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார். வேறு யாரும் அந்த நம்பருக்குத் தனியாக ஒரு மெசேஜ்கூடப் போடவில்லை. ஒரு அம்பும் வரவில்லை. அவர் இப்போது ஊத்துக்குளி ரோட்டில் வேறு ஒரு கம்பெனியில் பீஸ் பார்க்கிறாராம். நித்யஸ்ரீ சொன்ன மாதிரியே அடுத்த நாளே வேலை கிடைத்திருக்கிறது. அதை அவள் என்னிடம் நல்ல செய்தியாகச் சொன்னாள். அதற்குப் பிறகு வேலை விஷயம் தவிர அவளிடம் நான் பேசுவதில்லை. செக்கிங் பக்கம் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு, “சொல்லுங்க மேடம்” என்று துணியைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்கள். நகம் வெட்டிக்கொண்டு வருகிற ஓர் ஆளை அவர்கள் வீட்டுக்குள் அனுப்பி வைத்தவள் நான் என்று யாரிடம் போய்ச் சொல்லிக்கொள்வது?

தாள் கிழிந்துபோனதில் ஒரு திருப்தி இருந்தது எனக்கு. அதுவும் பத்து நாள்தான்.

நேற்று டீ எடுக்கப் போனபோது ராஜபாண்டி பக்கத்தில் வந்து நின்றான். இதுவரை என்னிடம் காட்டாத மரியாதையோடு, போனைத் திருப்பிக் காட்டினான். பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள் கோமளா. ஓரத்தில் என் விரலும் பென்சிலும் தெளிவாக விழுந்திருந்தன. அயர்னிங் மாஸ்டர் இரண்டு பேர் அவனுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சூப்பரா இருக்கு மேடம். நம்ம பசங்க குரூப்புல எல்லாரும் பார்த்துட்டாங்க” என்றான். “ஏழாம் பாகம் எப்ப வருது? எம்.டி. சாரும் கேட்டாரு.”